மிஸ் நீலாவின் நாலு மணி விசாரணை

ஐவி சிலாஸின் பணிக் கோப்பில் நான்கு மெமோக்கள் இருந்தன. நான்கும் உண்மை சொன்னதற்காகக் கொடுக்கப்பட்டவை. அவள் பக்கத்து நாற்காலியில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு மெமோகூட வந்ததில்லை. இதை வைத்து நீங்கள் என்னைப் பற்றி என்ன முடிவுக்கு வந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நாங்கள் வேலை பார்த்தது சிக்கந்தராபாத் பக்கம் மல்லாபூரில் ஒரு பொதுத்துறை ஆலையின் டெலிபோன் போர்டில். இயந்திரங்களுக்கான பல்சக்கரங்கள் செய்கிற ஆலை அது. எண்பது எக்ஸ்டென்ஷன், ஆறு வெளி லைன், இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல். யாராவது ரிசீவரை எடுத்தால் போர்டில் அவர்கள் எண்ணுக்கு மேல் சின்ன விளக்கு எரியும். நாங்கள் கம்பியைச் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, மறுமுனையை அந்த இடத்தில் செருகிவிட வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் ஆபரேட்டரின் உண்மையான வேலை பொய் சொல்வதுதான். சார் மீட்டிங்கில் இருக்கிறார், சார் இப்போதுதான் வெளியே போனார், லைன் கிடைக்கவில்லை. நான் இதெல்லாம் நன்றாகச் செய்வேன். மாயவரத்தில் எங்கள் வீட்டில் ஏழு பெண்கள். பொய் தெரியாமல் அந்த வீட்டில் இரண்டாவது தோசை கிடைக்காது.

ஐவிக்கு அது வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொள்முதல் அதிகாரி ஒரு வியாபாரியிடம் தான் இல்லை என்று சொல்லச் சொன்னார். ஐவி அந்த வியாபாரியிடம், "சார் இருக்காங்க. உங்ககூடப் பேச அவங்களுக்கு இஷ்டமில்ல" என்று சொல்லிவிட்டாள். அது முதல் மெமோ. இரண்டாவது, ஓர் அதிகாரியின் மனைவிக்கு அவர் மத்தியானம் இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டதைச் சொன்னதற்கு. மூன்றாவதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதில் சம்பந்தப்பட்டவர் அப்போது எல்லோருக்கும் மேலே இருந்தார்.

இதற்குப் பின்னால் ஏதோ பெரிய கொள்கை இருக்கும், சின்ன வயதில் ஏதாவது நடந்திருக்கும் என்று நான் பல தடவை தோண்டிப் பார்த்திருக்கிறேன்.

"ஒண்ணும் கிடையாது. சோம்பல்தான்" என்பாள். "பொய் சொன்னா யார்கிட்ட என்ன சொன்னோம்னு ஞாபகம் வச்சுக்கிடணும். எண்பது எக்ஸ்டென்ஷனுக்கு யாரால முடியும்?"

அவள் குடும்பம் தாத்தா காலத்தில் பாளையங்கோட்டையிலிருந்து சிக்கந்தராபாத் வந்தது. அப்பா சிலாஸ் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் வேலை பார்த்தவர். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் தெலுங்கு, காய்கறிக்காரரிடம் தக்கனி உருது, வேதக் கோயிலில் ஞானப்பாட்டுத் தமிழ். கடைசியில் எல்லாம் ஒன்றாகக் கலந்து, அவள் பேசுவது அவளுக்கும் தங்கை லோயிஸுக்கும் மட்டுமே சொந்தமான பாஷை ஆகியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. என்னைவிட மூன்று வயது மூத்தவள் என்றாலும் எங்களுக்குள் நீ, வா, போதான். குழந்தைகள் என்றால் அவளுக்குப் பிடிக்காது. அவளே சொன்னதால் அதுவும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

எண்பத்துநாலு டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தது. பத்திரிகைகளில் வந்த படங்களை இன்றைக்கும் நினைவு வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். ஆலைக் குவார்ட்டர்ஸில் இருந்த பெற்றோர் எல்லோரும் ஒரே நாளில் ஒரே முடிவுக்கு வந்தோம்: பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. நான் வீட்டுக்கு வந்த பேப்பர்களை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். என் மகன் பாலசுப்ரமணியனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மூன்றாம் நாள் நானே வாங்கிவந்த மிக்சர் பொட்டலத்தைப் பிரித்து, மிக்சரைத் தின்றுவிட்டு, அந்தக் காகிதத்தில் இருந்த செய்தியை முழுவதும் படித்திருக்கிறான். ராத்திரி சாப்பிடும்போது கேட்டான்.

"மன ஃபேக்டரில கூட கேஸ் உந்தி கதம்மா?"

நம் ஆலையிலும் வாயு இருக்கிறதல்லவா என்று கேட்கிறான். இருந்தது. ஹீட் ட்ரீட்மென்ட் என்ற பிரிவில், இரும்பைச் சூடாக்கிப் பதப்படுத்துகிற உலைகளுக்காக முப்பது அமோனியா சிலிண்டர்கள் இருந்தன. குவார்ட்டர்ஸுக்கும் அதற்கும் நடுவில் ஒரு ரோடும் ஒரு சுவரும்தான்.

"அதெல்லாம் வேற ஊருடா. சாப்பிடு" என்று சொல்லி அவன் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டேன். அதற்கப்புறம் அவன் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பிள்ளைக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

அந்த மாதம் இரண்டாவது வாரம். சாயங்காலம் நாலு மணிக்கு நாற்பத்தாறாம் எண்ணின் விளக்கு எரிந்தது. அது குவார்ட்டர்ஸில் இருக்கிற கிளப்பின் போன். ஐவி கம்பியைச் செருகினாள். நானும் என் ஹெட்போனில் கேட்டேன். அப்படிக் கேட்கக் கூடாது என்று விதி உண்டு. அதனால்தான் கேட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

"ஆன்ட்டி, கேஸ் வச்சிந்தா?"

ஒரு சிறுமியின் குரல். வாயு வந்துவிட்டதா என்று, பால்காரர் வந்துவிட்டாரா என்பதுபோலக் கேட்டாள்.

"இல்ல" என்றாள் ஐவி.

"வராதா?"

"அது எனக்குத் தெரியாது. இப்ப வரல. அதுதான் தெரியும்."

 "ஓகே ஆன்ட்டி" என்று போனை வைத்துவிட்டாள். நான் ஐவியைத் திட்டினேன். வராது என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வலிக்குமா என்று கேட்டேன்.

"வராதுன்னு உனக்குத் தெரியுமா?" என்றாள்.

எனக்குத் தெரியாது.

அந்தப் பெண்ணின் பெயர் நீலா. ஒன்பது வயது. அப்பா இளங்கோவன் ஹீட் ட்ரீட்மென்டில் ஃபர்னேஸ் ஆபரேட்டர். பத்திரிகைப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவள் தினமும் காலையில் அப்பாவின் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று தொங்குகிறாள். சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. டிஸ்பென்சரி டாக்டர் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அக்கம்பக்கத்தார் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். இளங்கோவன் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆம்பூரில் இருக்கிற அண்ணன் வீட்டுக்கு அவளை அனுப்பிவிடலாம், அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம், எல்லாம் மறந்துவிடும் என்று முடிவு செய்திருந்தார். அப்பாவை விட்டுப் பத்து நிமிடம் இருக்க முடியாத பெண்ணை அப்பாவிடமிருந்து அறுநூறு கிலோமீட்டர் தள்ளி வைப்பதுதான் வைத்தியம். அவர் இதை என்னிடம் சொன்னபோது நானும் நல்ல யோசனை என்றுதான் சொன்னேன்.

மறுநாள் நாலு மணிக்கு மறுபடியும் விளக்கு எரிந்தது. அதற்கு மறுநாளும். நாலாவது நாள் ஐவி, மூன்று ஐம்பத்தைந்துக்கே ஹீட் ட்ரீட்மென்டுக்கு இணைப்புப் போட்டு ஃபோர்மேன் ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டாள்.

"ஆரோக்கியசாமி சார், சிலிண்டர் எத்தன இருக்கு?"

"முப்பது. ஏன் மிஸ்?"

"எல்லாம் மூடியிருக்கா?"

"மூடியிருக்கு, மூடியிருக்கு."

"பார்த்துட்டுச் சொல்லுங்க. நான் லைன்ல இருக்கேன்."

அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம் இளங்கோவன் என்ன செய்கிறார் என்று ஐவி கேட்டாள். டீ குடிக்கிறார் என்றார் ஆரோக்கியசாமி. ஐவி எழுந்து ஜன்னலருகே போய், கேன்டீன் புகைபோக்கியிலிருந்து புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நாலு மணிக்கு நீலாவுக்கு அறிக்கை வாசித்தாள்.

"சிலிண்டர் முப்பது. எல்லாம் மூடியிருக்கு. காத்து ரயில்வே லைன் பக்கம் போகுது, உங்க பக்கம் இல்ல. உங்க அப்பா டீ குடிக்காங்க."

"சத்தியமா?"

"சத்தியம்லாம் நான் பண்ண மாட்டேன். பைபிள்ல நக்கோன்னு இருக்கு."

தக்கனியில் நக்கோ என்றால் வேண்டாம், கூடாது. நீலா அதை ஏற்றுக்கொண்டாள். பிறகு இன்னொரு கேள்வி கேட்டாள்.

"கேஸ் வந்தா, வந்துச்சுன்னு சொல்வீங்களா ஆன்ட்டி?"

"சொல்லுதேன்" என்றாள் ஐவி.

இதற்குப் பிறகு அந்தப் பெண் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். காலையில் சைக்கிளை விட்டாள், ஆனால் சாயங்காலம் கிளப்புக்குப் போய்ப் போன் பண்ண விட வேண்டும் என்ற நிபந்தனையோடு. இளங்கோவன் ஆம்பூர் யோசனையை முழுப்பரீட்சை வரை தள்ளி வைத்தார். நடுவில் மறுபடியும் ஆரம்பித்தால் அன்றைக்கே ரயில் ஏற்றிவிடுவது என்று வீட்டில் பேச்சு. அது நீலாவுக்கும் தெரியும். போனில் ஐவியிடம் சொல்லியிருந்தாள்.

இங்கே எங்கள் பதிவேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். போர்டுக்கு வருகிற சாதாரண அழைப்புகளை நாங்கள் எழுதுவதில்லை. ஆனால் யாராவது ஒரு விவரம் கேட்டு, ஆபரேட்டரே பதில் சொன்னால், அதை விசாரணை என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். நேரம், இடம், பெயர், விஷயம், பதில். நான் அந்த நோட்டில் வருடத்துக்கு நாலு வரி எழுதினால் அதிகம். ஐவி தினமும் எழுதினாள். 'மாலை 4.00. கிளப். மிஸ் நீலா. வாயுக் கசிவு உண்டா? பதில்: இல்லை.' மாதக் கடைசியில் அந்த நோட்டு, பெர்சனல் அதிகாரி இராமச்சந்திரனின் மேஜைக்குப் போனது.

கிளப்பில் விருந்தினர் அறைகள் இரண்டு உண்டு. டெல்லியிலிருந்து வருகிற இன்ஸ்பெக்டர்கள் அங்கேதான் தங்குவார்கள். போபாலுக்குப் பிறகு எந்த நிமிடமும் யாராவது வந்து ஆலையைச் சோதிப்பார்கள் என்று அதிகாரிகள் எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்த சமயம். பதினேழு நாள் தொடர்ந்து, கிளப்பிலிருந்து, மிஸ் நீலா என்கிற ஒரு பெண்மணி வாயுவைப் பற்றி விசாரித்திருக்கிறார். இராமச்சந்திரன் கிளப் காவலாளியைக் கூப்பிட்டு, மிஸ் நீலா வருவதுண்டா என்று கேட்டார்.

"ஹவ் சாப். ரோஜ் சார் பஜே ஆத்தீ" என்றார் காவலாளி. ஆமாம் ஐயா, தினமும் நாலு மணிக்கு வருகிறார்.

அவ்வளவுதான், மிஸ் நீலா டெல்லி இன்ஸ்பெக்டர் என்று முடிவு கட்டிவிட்டார். ஒரே வாரத்தில் சிலிண்டர் கொட்டகைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். ஆறு வருடமாக எழுதிக் கேட்டும் வராத முகமூடிகள் பன்னிரண்டு வந்தன. புதுத் தண்ணீர்க் குழாய் போட்டார்கள். ஆரோக்கியசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. காரணம் எனக்கும் ஐவிக்கும்கூட அப்போது தெரியாது. மிஸ் நீலா யார் என்று கேட்டிருந்தால் ஐவி சொல்லியிருப்பாள். அவளை யாரும் கேட்கவில்லை.

கூடவே எங்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் வந்தது. வாயு சம்பந்தமாக யார் விசாரித்தாலும் ஆபரேட்டர்கள் 'எல்லாம் இயல்பாக உள்ளது' என்று மட்டும் பதில் சொல்ல வேண்டும். நான் உடனே கையெழுத்துப் போட்டேன். ஐவி இரண்டு தடவை படித்துவிட்டு, "இயல்பா இருந்தா சொல்லுதேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று நாற்பதுக்கு ஹீட் ட்ரீட்மென்ட் விளக்கு எரிந்தது. ஆரோக்கியசாமியின் குரலே வரவில்லை, இருமல்தான் வந்தது. சிலிண்டரை நகர்த்தும்போது ஒன்று கீழே விழுந்து வால்வு உடைந்துவிட்டது. ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருக்கிறோம், ஃபயர் சர்வீஸைக் கூப்பிடுங்கள் என்றார். ஐவி கூப்பிட்டாள். அடுத்த நிமிடம் போர்டில் எரியாத விளக்கே இல்லை. இராமச்சந்திரன் எங்கள் அறைக்கே ஓடி வந்தார்.

"அபாயச் சங்கு ஊத வேணாம்னு சொல்லிட்டேன். ஊதினா குவார்ட்டர்ஸ் முழுக்க பேனிக் ஆயிடும். வெளியில ஒரு வார்த்தை போகக் கூடாது. யார் கேட்டாலும் எல்லாம் இயல்பா இருக்கு. புரிஞ்சுதா?"

அவர் போய்விட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு ஆக ஒரு நிமிடம். நாற்பத்தாறாம் விளக்கு எரிந்தது.

நான் அப்போது செய்ததை மறைக்க விரும்பவில்லை. ஐவியை முந்திக்கொண்டு என் கம்பியைச் செருகப் போனேன். எல்லாம் சரியாக இருக்கிறது கண்ணா, போய் விளையாடு என்று சொல்லியிருப்பேன். ஐவி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவ அப்பா உள்ள இருக்கார், ஐவி. குழந்தை. இன்னிக்கு ஒரே ஒரு நாள் பொய் சொல்லேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நக்கோ" என்றாள். கம்பியைச் செருகினாள்.

"ஆன்ட்டி, கேஸ் வச்சிந்தா?"

"ஒரு நிமிஷம் இரு. கேட்டுச் சொல்லுதேன். போனை வைக்காத."

 பக்கத்துப் பிரிவுக்கு இணைப்புப் போட்டு, இளங்கோவன் எங்கே என்று கேட்டாள். வெளியே இருக்கிறார், மூன்று பேருக்குக் கண்ணெரிச்சல், அவருக்கும்தான், தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள் என்று பதில் வந்தது. நடக்கிறாரா என்று கேட்டாள். நடக்கிறார். ஜன்னலுக்கு ஓடிப் போய்ப் புகையைப் பார்த்தாள். மறுபடியும் வந்து உட்கார்ந்து, எப்போதும் பேசுகிற அதே குரலில் பேசினாள்.

"நீலா, கேட்டுக்க. வந்திருக்கு. ஒரு சிலிண்டர் உடைஞ்சுபோச்சு. பேரு அமோனியா, போபால்ல வந்தது இல்ல. காத்து ரயில்வே லைன் பக்கம் போகுது, உங்க பக்கம் வரல. உங்க அப்பா வெளிய வந்துட்டாங்க. கண்ணு எரியுது, கழுவுதாங்க. நடக்காங்க. தண்ணி அடிச்சு அதை அடக்குதாங்க. புரியுதா?"

  அவள் மயங்கி விழுந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"அப்பா செத்துப்போவாங்களா?"

"கண்ணு எரியுதுன்னுதான் சொன்னாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரிஞ்சா சொல்லுதேன். உனக்குப் பயமா இருக்கா?"

"ஹவ்."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயந்துக்கிட்டே வேலையைப் பாரு. கிளப்புல ரோட்டுப் பக்கத்து ஜன்னலை எல்லாம் மூடு. டவல் இருந்தா தண்ணில நனைச்சுப் பக்கத்துல வச்சுக்க. நாத்தம் வந்தா மூக்குல வச்சுக்கிட்டு, காவல்காரரோட பின்பக்கம் மைதானத்துக்குப் போயிடணும். பத்து நிமிஷத்துல நானே கூப்பிடுவேன். அங்க வேற யாரு இருக்கா?"

கேரம் விளையாடுகிற பையன்கள் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் பெரியவனைப் போனில் கூப்பிடச் சொன்னாள் ஐவி. அந்தப் பெரியவன் என் மகன். ஐவி அவனிடமும் அதையே சொன்னாள். வார்த்தை மாற்றவில்லை.

"ஐவி ஆன்ட்டி, இது நிஜம்தானே?" என்றான் பாலு.

"நிஜம்தான். உங்க அம்மா பக்கத்துல இருக்கா, பேசுதியா?"

"வேணாம் ஆன்ட்டி. அம்மா ஒண்ணுமில்லன்னு சொல்வாங்க. நீங்களே சொல்லுங்க."

என் ஹெட்போனில் இதைத் தெளிவாகக் கேட்டேன். அழ நேரமில்லை. பதினான்கு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாகச் செருகி, எல்லாம் இயல்பாக உள்ளது, எல்லாம் இயல்பாக உள்ளது என்று சொல்லிக்கொண்டே போனேன்.

ஐவி சொன்னபடி நாலு பத்துக்குக் கூப்பிட்டாள். நாலு இருபதுக்கு, நாலரைக்கு, நாலு நாற்பதுக்கு. ஒவ்வொரு தடவையும் முதலில் கேட்டு, புகையைப் பார்த்து, அப்புறம் சொன்னாள். "இன்னும் அடங்கல." "பாதி அடங்கிட்டு." "உங்க அப்பாவை டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க, மருந்து போட. அவங்களே நடந்து போறாங்க." ஐந்து மணிக்கு, "முடிஞ்சது. மூடிட்டாங்க." கிளப்பில் குழந்தைகள் ஜன்னல்களை மூடி, கேரம் போர்டைத் துடைக்கிற துணி உட்பட இருந்த துணியையெல்லாம் நனைத்து வைத்திருந்தார்கள். ஒருவரும் ரோட்டுக்கு ஓடவில்லை. புதுக் குழாயும் முகமூடிகளும் இருந்ததால்தான் ஒன்றரை மணி நேரத்தில் அடங்கியது என்று ஆரோக்கியசாமி பிறகு சொன்னார். இளங்கோவன் ஒரு வாரம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தார்.

நாலாவது மெமோ மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. மேலிடத்து உத்தரவை மீறி, விபத்து விவரங்களை மிஸ் நீலா என்ற வெளி நபருக்கு ஆறு முறை தெரிவித்தது பற்றி விளக்கம் தேவை. ஐவி ஒரே வரியில் பதில் எழுதினாள். 'கேட்டார்கள், சொன்னேன், ஆறு முறை என்பது சரி.' இதனால் ஆத்திரப்பட்டு விசாரணை வைத்தார்கள். சாட்சியாக மிஸ் நீலாவும் வர வேண்டும் என்று கிளப் முகவரிக்குக் கடிதம் போனது. டெல்லியில் யாருக்கு எவ்வளவு தெரிந்துவிட்டது என்று கண்டுபிடிப்பதுதான் இராமச்சந்திரனின் நோக்கம். அறையில் டீயும் க்ரீம் பிஸ்கட்டும்கூட வைத்திருந்தார்கள்.

நான் இரண்டாவது சாட்சி. கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட இளங்கோவன் வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீல பினோஃபார் சீருடையில், இரட்டைப் பின்னலோடு நீலா வந்தாள். இராமச்சந்திரன் அவர்களுக்குப் பின்னால் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ் நீலா எங்கே?"

"நான்தான் அங்கிள்" என்றாள் நீலா.

அவர் முகம் போன போக்கை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், அந்த மனிதர் எழுந்து போய்விடவில்லை. கொஞ்ச நேரம் பதிவேட்டைப் புரட்டினார். பிறகு பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவருக்கும் அந்த வயதில் ஒரு பெண் உண்டு. விசாரணை அதிகாரியின் குரலில் ஆரம்பித்தது, இரண்டாவது வாக்கியத்தில் வேறு குரலாகிவிட்டது.

"கேஸ் வந்திருக்குன்னு இவங்க சொன்னப்போ நீ ரொம்பப் பயந்துட்டியாம்மா?"

"ஹவ். அழுகை வந்துச்சு."

"அப்ப அவங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் இல்லையா? இல்லைன்னு சொல்லியிருந்தா நீ நிம்மதியா இருந்திருப்பே."

நீலா பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். ஐவி யாரையும் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுல எல்லாரும் இல்லைன்னுதான் அங்கிள் சொல்வாங்க. எப்பவும். அதனால இல்லைன்னா என்னன்னு தெரியாது" என்றாள் நீலா. தமிழில் தேடித் தேடிச் சொன்னாள். "ஆன்ட்டி அன்னிக்கு வந்துச்சுன்னு சொன்னாங்க. நிஜமா வந்துச்சு. அப்ப, மத்த நாள் எல்லாம் வரலைன்னு சொன்னதும் நிஜம். அப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு."

இளங்கோவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டர் கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்தார். நான் என் பாலுவை நினைத்துக்கொண்டேன், அவன் தட்டில் நான் போட்ட தோசையையும். அந்த அறையில் நான் பட்ட வெட்கத்தை அதற்கு முன்னாலும் பட்டதில்லை, பின்னாலும் பட்டதில்லை.

"பாப்பாவை ஊருக்கு அனுப்பப் போறதா கேள்விப்பட்டேனே?" என்று இளங்கோவனைக் கேட்டார் இராமச்சந்திரன்.

"இல்ல சார். அனுப்பல. பாப்பா இங்கயே இருக்கட்டும்" என்றார் இளங்கோவன்.

இராமச்சந்திரன் பேனாவை மூடினார். "இனிமேலும் தினமும் நாலு மணிக்குப் போன் பண்ணுவியாம்மா?"

"வேணாம் அங்கிள்" என்றாள் நீலா. "ஏதாவது ஆச்சுன்னா ஆன்ட்டியே கூப்பிட்டுச் சொல்வாங்க. நான் த்ரோபால் டீம்ல சேர்ந்துட்டேன்."

ஐவிக்குக் கண்டனம் என்று எழுதிக் கோப்பில் வைத்தார்கள். உத்தரவை மீறியது மீறியதுதான், அதை மாற்ற வழியில்லை என்றார் இராமச்சந்திரன். மாற்ற வேண்டாம் என்றாள் ஐவி. வாயு கசிந்தால் உடனே சங்கு ஊத வேண்டும் என்று விதியை மட்டும் அந்த மாதமே மாற்றினார்கள்.

நாங்கள் இருவரும் வராந்தா வழியாகப் போர்டுக்குத் திரும்பினோம். ஐவி என்றைக்கும் இல்லாமல் மெதுவாக நடந்தாள். வேலை போகவில்லை, ஆம்பூர் ரயிலும் போகவில்லை, அந்தப் பெண் நன்றாகத் தூங்குகிறாள். பேச்சுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நாளையிலேர்ந்து நாலு மணிக்கு நாம நிம்மதியா டீ குடிக்கலாம்" என்றேன்.

"குடிக்கலாம்" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். "என்ன ஐவி, வருத்தமா இருக்கா?"

வேறு யாராக இருந்தாலும், சே, இதற்கெல்லாம் என்ன வருத்தம் என்று சிரித்திருப்பார்கள்.

"ஹவ்" என்றாள். "ரொம்ப வருத்தமா இருக்கு."